இறக்கைக்கு வெளியே ஒரு சாட்சி



வீட்டிலே கட்டப்படும் சிறு ஆகாய விமானங்களைப் பற்றியும், அவற்றின் இறக்கையை ஒட்டி வெளிப்புறத்தில் பொருத்தப்படும் ஓர் எளிய எச்சரிக்கைக் கருவியைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். கட்டிலும் பெட்டியும் செய்வதுபோல விமானத்தையும் வீட்டில் செய்வதா என்று உங்களில் சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கக்கூடும். உண்மையில் இது பழைய வழக்கம். அமெரிக்காவில் 1953-ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பவர், தம்மைப்போல் தாமே விமானம் கட்டிப் பறக்க விரும்பிய சிலரை மில்வாக்கி நகரில் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அச்சங்கத்திற்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. அங்கெல்லாம் வண்டிக் கொட்டகையில் ஒருபுறம் மோட்டார் காரும் மறுபுறம் பாதி முடிந்த இறக்கையும் இருப்பது யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

நம்மவர்க்கும் இது முற்றிலும் புதிதன்று. 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியின் பட்டறையில் தாம் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்து, பின்னர்த் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் பறக்கவும் செய்தார். கோச்சு வண்டிகள் கட்டிப் பெயர் வாங்கிய பட்டறை அது. ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்து அப்போது ஏழாண்டுகூட நிரம்பவில்லை. நம் காலத்தில் மும்பையில், விமானியான அமோல் யாதவ் தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரக்கூடிய விமானம் ஒன்றைப் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டினார். 2016-இல் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017-இல் அரசாங்கத்தின் பதிவும் அதற்குக் கிடைத்தது. மாடியில் கட்டியதைக் கீழே இறக்கியது எவ்வாறு என்பது தனிக் கதை.

நான் குடியிருப்பது ஹைதராபாதின் வடகிழக்கே, குஷாய்குடாவில். 1967-இல் தோன்றிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனிலும், அதன் பின் வந்த அணு எரிபொருள் வளாகத்திலும் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டை விட்டு வந்த குடும்பங்கள் இங்கே பல உண்டு. சுற்றிலும் உள்ள தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் ஓசையும் கடைசல் இயந்திரத்தின் ஓசையும் பகல் முழுதும் கேட்டவண்ணம் இருக்கும். ஓய்வு பெற்ற பெரியவர்கள் மாலை நேரத்தில் பூங்காவில் அமர்ந்து பேசும்போதுகூட, எந்தக் கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதுபோல் பாசாங்கு செய்கிறது என்று வாதாடுவார்கள். கலைத்துறையில் பட்டம் பெற்று, மத்திய அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இப்படிப்பட்ட அண்டைவீட்டார் வாய்த்தது பெரிய உதவி. இந்தப் பேச்சின் பொருளும் அவர்களுடைய வாதம் ஒன்றிலிருந்தே எனக்குக் கிட்டியது. விமானம் பறப்பதற்கு உண்மையில் தேவை வேகமா, கோணமா என்பதே அந்த வாதம்.

கோணம் என்பதுதான் சரியான விடை. அதை விளக்க வேண்டுமானால், பட்டம் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கராந்தி வந்தால் ஹைதராபாதின் வானம் முழுவதும் பட்டமாகத்தான் இருக்கும். பட்டத்தில் நூலைக் கட்டுமுன் சூத்திரம் கட்டுகிறோம் அல்லவா? மேல் நூல் எவ்வளவு, கீழ் நூல் எவ்வளவு என்று விரலால் அளந்து முடிச்சுப் போடுகிறோம். அந்த முடிச்சு ஒரு விரற்கடை இடம் மாறினாலும் பட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. காற்றுக்கு எதிரே பட்டத்தின் முகம் எவ்வளவு சாய்ந்து நிற்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பது அந்தச் சூத்திரமே. சாய்வு போதாவிட்டால் பட்டம் காற்றை ஏந்தாமல் படபடக்கும். சாய்வு மிகையானால் காற்று அதைத் தூக்குவதை விட்டுவிட்டுப் பின்னுக்குத் தள்ளும். பட்டம் தள்ளாடித் தலைகுப்புற விழும். சூத்திரம் கட்டத் தெரிந்த பத்து வயதுப் பையனுக்கு, விமானவியலின் முதற்பாடம் ஏற்கெனவே தெரியும் என்று சொல்லலாம்.

விமானத்தின் இறக்கையும் அப்படியே. இறக்கையின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கும் எதிர்வரும் காற்றின் திசைக்கும் இடையே ஒரு சாய்வு இருக்கும். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து இதைத் தாக்கு கோணம் என்று எழுதுகிறார்கள். இங்கே யாரும் யாரையும் தாக்கவில்லை. ஆகவே காற்றுக்கோணம் என்றே நான் சொல்லப்போகிறேன். கோணம் கூடக்கூட, இறக்கையை மேலே ஏந்தும் விசையும் கூடுகிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண இறக்கைகளுக்குச் சுமார் 15 பாகையிலிருந்து 18 பாகைக்குள் அந்த எல்லை வந்துவிடும். அதைத் தாண்டியதும், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்த காற்று பரப்பை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்குகிறது. ஏந்துவிசை குலைகிறது. விமானம் கீழே விழுகிறது.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டால்’ என்று பெயர். மொழிபெயர்ப்பவனுக்கு இந்தச் சொல் ஒரு தலைவேதனை. எங்கள் கோப்புகளில் ‘ஸ்டால்’ என்றால் பொருட்காட்சியில் போடும் கடை. மோட்டார் ஓட்டுபவருக்கோ, எஞ்சின் திடீரென்று நின்றுபோவது. அதனால், விமானம் ‘ஸ்டால்’ ஆகி விழுந்தது என்று பத்திரிகையில் படித்தவர்கள், எஞ்சின் நின்றுவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். எஞ்சின் முழு மூச்சில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இது நேரலாம். எஞ்சினே இல்லாத மிதவை விமானத்துக்கும் நேரலாம். முறிவது எஞ்சினன்று, இறக்கையின் ஏந்தல். ஆகையால் இதை நான் ஏந்துமுறிவு என்று குறிப்பிடுகிறேன். அகராதியில் இந்தச் சொல் இருக்கிறதா என்று தேடவேண்டாம். இந்தப் பேச்சு முடியும்வரை உதவினால் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்பது வேறு, காற்றுக்கோணம் வேறு. மூக்கு தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும்போதும் ஏந்துமுறிவு நேரும். விமானம் செல்லும் திசைக்கும் இறக்கை பார்க்கும் திசைக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். கண்ணுக்குத் தெரியாத காற்றின் திசையை ஆசனத்தில் அமர்ந்தபடி ஊகிப்பது எளிதன்று என்பதால்தான் இதற்குக் கருவி தேவைப்படுகிறது.

அப்படியானால் விமானிகள் வேகமானியைப் பார்த்துத்தானே ஓட்டுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆம், ஆனால் வேகமானி நேரடியான சாட்சியன்று, பிறர் சொல்லக் கேட்டுச் சொல்லும் சாட்சி. நேராகவும் மட்டமாகவும் பறக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏந்துமுறிவு அடையும் ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதே விமானம் உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால், 95 கிலோமீட்டரிலேயே முறிவு வந்துவிடும். 60 பாகை சாய்ந்தால் 113 கிலோமீட்டரில் வந்துவிடும். திரும்பும்போது இறக்கை சுமக்கவேண்டிய பாரம் கூடுகிறது. 60 பாகைச் சாய்வில் அது இரட்டிப்பாகிறது. அருகில் ஒரு நண்பர் ஏறி உட்கார்ந்தாலும் கணக்கு மாறும். பெட்ரோல் தீர்ந்து எடை குறைந்தாலும் மாறும். வேகத்தின் எண் இப்படி மணிக்கொரு வேஷம் போடும்போது, கோணத்தின் எல்லை மட்டும் ஏறக்குறைய அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. கோணத்தை நேரே பார்க்க முடிந்தால் இந்தக் கணக்குகளில் பெரும்பகுதி விமானியின் தலையிலிருந்து இறங்கிவிடும்.

எங்கே இது உயிர்ப் பிரச்சினையாகிறது? உயரத்தில் அன்று. ஓராயிரம் மீட்டர் உயரத்தில் ஏந்துமுறிவு நேர்ந்தால், பயிற்சி பெற்றவர் மூக்கைத் தாழ்த்தி, வேகம் பிடித்து, மீண்டும் பறந்துவிடுவார். மாணவர்களுக்கே இதைப் பழக்குகிறார்கள். ஆபத்து இருப்பது ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில். அங்கே விமானம் தரையிலிருந்து 150 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பின்புறமிருந்து காற்று தள்ளினால் திருப்பம் அகன்றுபோய், ஓடுபாதையின் நேர்க்கோடு தாண்டிப் போய்விடும். விமானி பார்க்கிறார். இன்னும் சாய்ந்து திரும்பத் தரையின் அண்மை அவரை அஞ்சவைக்கிறது. ஆகவே சாயாமல், வால் சுக்கானைக் காலால் அழுத்தி மூக்கை மட்டும் இழுக்கப் பார்க்கிறார். மூக்கு தாழ்கிறது, அதை நிமிர்த்தக் கைத்தடியைப் பின்னுக்கு இழுக்கிறார். ஒவ்வொரு செயலும் அந்தக் கணத்தில் நியாயமாகத் தோன்றுகிறது. எல்லாம் சேர்ந்து உட்புற இறக்கையின் கோணத்தை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகின்றன. ஓர் இறக்கை மட்டும் முறிந்தால் விமானம் பம்பரம்போல் சுழன்று விழும். 150 மீட்டரில் அதிலிருந்து மீள இடமில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்நாட்டின் சிறு விமானங்களில் அவை சுமார் 10 சதவீதமே. ஆயினும் 2011-இல் நேர்ந்த விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகளில் சுமார் 21 சதவீதமும் அவற்றைச் சேர்ந்தவையாக இருந்தன. எஞ்சின் பழுதும், பறக்கும்போது விமானம் கைக்கு அடங்காமற் போவதுமே தலையாய காரணங்கள். பின்னதில் ஏந்துமுறிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ஆபத்து விமானத்தைவிட மூத்தது. எஞ்சின் இல்லாத இறக்கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து பறந்துகாட்டிய ஜெர்மானியர் ஆட்டோ லிலியந்தால், 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் காற்றில் இறக்கை முறிவடைந்து விழுந்து மறுநாள் உயிர்நீத்தார். அவருடைய முடிவு ரைட் சகோதரர்களின் மனத்தை விட்டு அகலவில்லை. வாலில் இருக்கவேண்டிய சிறு தளத்தை அவர்கள் முன்புறம் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் விமானத்தின் முன்னே ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டதும் உண்டு. காற்று பக்கவாட்டில் அடித்தால் கயிறு பக்கவாட்டில் ஓடும்; அவ்வளவுதான் கருவி. மிதவை விமானங்களின் முன்கண்ணாடியில் இன்றைக்கும் ஒரு கம்பளி நூல் ஒட்டியிருக்கும். விலை சில காசுகள். அதற்கு ஈடான கருவி இதுவரை வரவில்லை என்பார் மிதவை விமானிகள்.

பிற்காலத்தில் எச்சரிக்கைக் கருவிகள் பல வந்தன. அமெரிக்காவில் லெனார்டு கிரீன் என்பவர் 1946-இல் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் புழங்கும் செஸ்னா விமானத்தில் உள்ள ஏற்பாடு மிக ரசமானது. இடது இறக்கையின் முன் விளிம்பில் ஒரு துவாரம். அதற்குப் பின்னால் ஒரு குழாய்; குழாயின் முனையில் ஊதலில் இருப்பதுபோன்ற ஒரு நாக்கு. கோணம் எல்லையை நெருங்கும்போது அந்தத் துவாரத்தில் உறிஞ்சல் ஏற்பட்டு நாக்கு அலறும். மின்சாரமும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம், இறக்கையே நாதஸ்வரமாகிறது. குறை என்னவென்றால், அது ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். அபாயம் நெருங்கிவிட்டது என்று கூவுமேயன்றி, இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லாது.

இனி நம் கருவிக்கு வருவோம். மெல்லிய தகடு ஒன்றை மீன்வால்போல வெட்டி, ஒரு மெல்லிய அச்சில் தாராளமாகச் சுழலும்படி பொருத்துகிறார்கள். கோபுரத்தின் மேல் காற்றுத் திசை காட்டும் சேவல் இருப்பதுண்டே, அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். சேவல் கிழக்கு மேற்கு காட்டும். இது மேல் கீழ் காட்டும். தகடு எப்போதும் காற்று ஓடும் திசையில் நிற்கும். விமானம் அதைச் சுற்றிச் சாயும். பக்கத்தில் நிலையாக உள்ள ஒரு பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள் தீட்டிவிட்டால், தகட்டின் முள் எந்தப் பட்டையில் நிற்கிறது என்பதை விமானி கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். குஷாய்குடாத் தொழிற்பேட்டையில் ஒரு தகட்டுப் பட்டறைக்காரரிடம் படம் வரைந்து கொடுத்தால், ஒரு பிற்பகலில் செய்து கையில் கொடுத்துவிடுவார்.

செய்வது எளிது, பொருத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதலாவது, தகடு தன் கனத்தால் தொங்கக்கூடாது. அச்சுக்கு முன்புறம் சிறு ஈயத்துண்டு வைத்துத் தராசு முள்போல் சமனாக்கவேண்டும். இல்லாவிட்டால், இறக்கை கூடுதல் பாரம் சுமக்கும் திருப்பத்தில், அதாவது கருவி மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில், தகடும் கனத்துப்போய்ப் பொய் சொல்லும். சமன் இல்லாத தகடு வேகத்தில் படபடவென்று அதிர்ந்து தானே பிய்ந்துபோவதும் உண்டு. இரண்டாவது, முன்னே சுழலும் விசிறியின் காற்று அதன்மேல் படக்கூடாது. ஆகவே உடலை விட்டு விலகி, இறக்கையின் நடுப்பகுதியிலோ, இறக்கையைத் தாங்கும் முட்டுக் கம்பத்திலோ வைக்கவேண்டும். மூன்றாவது, இறக்கையை நெருங்கும் காற்று அதன் முன்பே சிறிது மேல்நோக்கி வளைகிறது. முன் விளிம்புக்கு அருகில் தகட்டை வைத்தால் உண்மையைவிடக் கூடுதலான கோணத்தைக் காட்டும். கம்பியை நீட்டி முன்னே தள்ளி வைத்தால் பிழை குறையும். கம்பி நீண்டால் அதிரும். இரண்டுக்கும் இடையே ஒரு சமரசம் செய்துகொள்ளவேண்டியதுதான். பிழை முற்றிலும் ஒழியாவிட்டாலும் பாதகமில்லை. ஏனெனில் இந்தக் கருவிக்குப் பாகைக் கணக்கு வேண்டியதில்லை. இந்த விமானத்தில், இந்த இடத்தில் நிற்கும் முள், எல்லை வரும்போது எங்கே நிற்கிறது என்ற ஓர் அடையாளம் இருந்தால் போதும்.

எந்த இறக்கையில் வைப்பது? இடது இறக்கையில். விமான நிலையங்களைச் சுற்றிவரும் வழக்கமான வட்டம் இடப்புறமாகத் திரும்புவது. கடைசித் திருப்பத்தில் விமானி ஓடுபாதையைத் தேடி இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அவர் பார்வை செல்லும் வழியிலேயே தகடும் இருக்கும். வேகமானியைப் பார்க்க அவர் தலையை உள்ளே குனிந்து திருப்பவேண்டும். வெளியே உள்ள தகட்டைப் பார்க்கத் தலையைத் திருப்பவே வேண்டாம். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மின்னணுக் கருவிகளோடு ஒப்பிடும்போதும் இந்த மலிவான தகட்டுக்கு உள்ள பெரிய சிறப்பு இதுவே என்பது என் எண்ணம்.

மின்னணுக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இறக்கையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு முனையில் இரண்டு துவாரங்கள் இருக்கும். ஒன்று நேர் எதிரே, மற்றொன்று கீழ்ச்சரிவில். இரண்டிலும் படும் காற்றழுத்தத்தை ஒப்பிட்டு, உள்ளே வண்ண விளக்குகளாகவோ ஒலியாகவோ காட்டும். இரவில் பறப்பவருக்கு இது நல்லது. தகடு இருட்டில் தெரியாது. இத்தகைய கருவிகளைச் சிறு விமானங்களில் சேர்ப்பதற்கான அனுமதி முறையை அமெரிக்க விமானத்துறை 2014 பிப்ரவரியில் எளிதாக்கியது. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் நெடுங்காலமாகவே கோணத்தைப் பார்த்துத்தான் இறங்குகின்றன. அவற்றின் மூக்குச் சக்கரத்தருகே வெளிப்புறத்தில் விளக்குகளும் உண்டு. விமானியின் கோணம் சரியா, தவறா என்பதை மேல்தளத்தில் நிற்கும் அதிகாரி அவற்றைக் கொண்டே அறிந்துகொள்வார்.

கருவியே வேண்டாதபடி விமானத்தை அமைக்க முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஓரளவு முடியும். வீட்டில் கட்டுபவர்களுக்கென்று பர்ட் ரூட்டன் வடிவமைத்த ‘லாங் ஈஸி’ விமானத்தில், ரைட் சகோதரர்களைப் பின்பற்றியதுபோல், சிறிய இறக்கை முன்னே இருக்கும். கோணம் கூடினால் அந்த முன்னிறக்கை முதலில் முறிந்து, மூக்கு தானே தாழ்ந்து, பெரிய இறக்கையைக் காப்பாற்றிவிடும். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் 1980-களில் இந்த வடிவத்தை ஒட்டி ஓர் ஆய்வு விமானம் கட்டிப் பறக்கவிட்டது. அந்த அநுபவம் பின்னால் அதன் ‘ஹன்ஸா’ பயிற்சி விமானத்துக்கு உதவியது. ஆனால் எல்லாரும் அந்த வடிவத்தையே கட்டப்போவதில்லை. முன்னிறக்கை விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். வயல்வெளிப் பாதையில் இறங்க விரும்புகிறவர் வால் உள்ள விமானத்தையே நாடுவார்.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு பெரிய துயரங்கள் சான்று. 2009 ஜூன் முதல் நாள், ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தில் 228 பேர் இருந்தனர். நள்ளிரவில் வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, வேகமானிகள் தாறுமாறாகக் காட்டின. துணை விமானி கைத்தடியைப் பின்னுக்கு இழுத்தபடியே இருந்தார். இறக்கை முறிந்தது. எச்சரிக்கைக் குரல் எழுபது தடவைக்கு மேல் ஒலித்தும் அவர்கள் நம்பவில்லை. கோணத்தை நேரே காட்டும் முள் எதுவும் அவர்கள் முன் இல்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வேகம் மிகவும் குறைந்தபோது, அளவு நம்பத்தகாதது என்று கணிப்பொறி தீர்மானித்து எச்சரிக்கையை நிறுத்திவிட்டது. மூக்கைத் தாழ்த்தியதும், அதாவது சரியான செயலைத் தொடங்கியதும், குரல் மீண்டும் எழுந்தது. செய்வது தவறு என்று அவர்கள் நினைத்ததில் வியப்பென்ன? மூன்றரை நிமிஷத்தில் அட்லாண்டிக் கடல். கோணத்தை விமானிகள் நேரே பார்க்கும்படி ஒரு கருவி வைப்பதுபற்றி ஆராயவேண்டும் என்று பிரெஞ்சு விசாரணைக் குழு தன் அறிக்கையில் பரிந்துரைத்தது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. 2018 அக்டோபரில் இந்தோனேஷியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் விழுந்து, மொத்தம் 346 பேர் மாண்டனர். அந்த விமானத்தின் மூக்கின் இருபுறமும் நாம் பேசிய தகட்டைப் போன்ற தகடுகள் உண்டு. கணிப்பொறியோ ஒரு நேரத்தில் ஒன்றின் சொல்லை மட்டுமே கேட்டது. அது பொய் சொன்னது; கணிப்பொறி அதை நம்பி, நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. நம் நாட்டிலும் 2019 மார்ச்சில் அந்த வகை விமானங்கள் நிறுத்தப்பட்டு, 2021 ஆகஸ்டில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. சாட்சி சொல்லவேண்டியவனை நீதிபதி ஆசனத்தில் ஏற்றினால் நேரும் விபரீதம் இது. வீட்டில் கட்டும் விமானத்தின் தகடு யாரையும் அழுத்துவதில்லை. அது காட்டுகிறது, பார்ப்பதும் முடிவு செய்வதும் விமானியின் பொறுப்பு. பூச்சி மோதி வளைந்திருந்தால் அதையும் அவர் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

இந்தத் தகடு வீட்டில் கட்டியவருக்கு ஏன் சிறப்பாகத் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் விமானத்துக்கு, எந்த வேகத்தில் ஏந்துமுறிவு வரும் என்று அச்சிட்ட புத்தகம் உடன் வரும். வீட்டில் கட்டியதற்கு அந்தப் புத்தகத்தைக் கட்டியவரே பறந்து எழுதவேண்டும். வடிவமைத்தவர் ஓர் எண் கொடுத்திருப்பார். ஆனால் இறக்கை ஓரம் சற்றே மாறியிருக்கலாம், எடை கூடியிருக்கலாம், வேகம் அளக்கும் குழாயின் இடமே தவறாக அமைந்து வேகமானி பிழை காட்டலாம். முதற்பறப்பில் இவற்றில் எதுவுமே தெரியாது. தகடு மட்டும், அதற்குமுன் ஒரு தடவைகூடப் பறக்காத அந்த இறக்கையின் மேல் காற்று எப்படி வருகிறது என்பதை அப்போதே சொல்லத் தொடங்கிவிடும்.

அடையாளம் வைக்கும் முறை இது. கூட்டமில்லாத வெளியில், குறைந்தது ஆயிரம் மீட்டர் உயரம் ஏறவேண்டும். நேராகப் பறந்தபடி வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, இறக்கை முறியத் தொடங்கும் கணத்தில் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். அது சிவப்பின் தொடக்கம். அந்த வேகத்தைப்போல் 1.3 மடங்கு வேகத்தில் மட்டமாகப் பறந்து, முள் எங்கே நிற்கிறது என்று மறுபடி குறிக்கவேண்டும். இறங்கும்போது வைத்துக்கொள்ளவேண்டிய கோணம் அது. அங்கே இறக்கை தன்னால் இயன்ற ஏந்துவிசையில் ஐந்தில் மூன்று பங்கையே செலவிடுகிறது. நண்பர் ஏறினாலும், பெட்ரோல் குறைந்தாலும், சாய்ந்து திரும்பினாலும் இந்த இரண்டு குறிகளும் இடம் மாறுவதில்லை. இறக்கையின் பின்மடல்களை இறக்கினால் மட்டும் கணக்கு வேறு. அதற்கு மற்றொரு சோதனையும் மற்றொரு குறியும் வேண்டும். இப்படிப்பட்ட சேர்க்கை எதையும் நம் நாட்டில் விமானத்துறைத் தலைமை இயக்குநரகத்துக்குத் தெரிவித்து, அனுமதி பெற்றே செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அநுபவமுள்ளவர்கள் முதலிலேயே பெயிண்டு அடிப்பதில்லை. வண்ண ஒட்டுநாடாவைத்தான் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் நாடாவை ஓர் அரை விரற்கடை மேலே அல்லது கீழே நகர்த்தி, நாலைந்து நாள் ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் தூரிகையைக் கையில் எடுக்கிறார்கள். பிறகு முட்டுக் கம்பம் மாறினாலும், இறக்கை ஓரத்தில் பழுது பார்த்தாலும், பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி நாடாவோடுதான் தொடங்குகிறார்கள்.